கூட்டுத் தொட்டியில் குள்ளப் பேத்தை மீன் வளர்ப்பது எப்படி?

ஆங்கிலத்தில் பஃபர் எனப்படும், அஞ்சினால் உடம்பை உப்பிக்கொள்ளும் பேத்தை மீன்களில் நன்னீரில் வாழ்பவற்றைப் பிற மீன்களோடு ஒரே தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டால், மீன் கடைகளில் ‘தாராளமாக வைக்கலாம், ஒன்றும் செய்யாது’ என்பார்கள். பல ஆண்டுகள் வளர்த்தவர்களோ ‘கூடவே கூடாது’ என்பார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். எந்த இனம், எவ்வளவு பெரிய தொட்டி, உடன் இருப்பவை எவை என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. ஏற்கெனவே கப்பி, ஏஞ்சல், கௌராமி என்று பலவும் நீந்திக்கொண்டிருக்கும் கம்யூனிட்டி டேங்க்கில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு பேத்தையைக் கொண்டுவந்து விட்டால், சில வாரங்களில் கிழிந்த வால்களைத்தான் காண நேரும். பேத்தைக்காகவே தொட்டியை அமைத்து, அதற்கு ஒத்துவரும் துணைகளை மட்டும் தேர்ந்து சேர்ப்பவர்களுக்கே இந்தக் கூட்டுக் குடித்தனம் கைகூடுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

எந்தப் பேத்தை?

கடைகளில் ‘பஃபர்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவற்றில் பலவும் நன்னீர் மீன்களே அல்ல. பச்சை முதுகில் கரும்புள்ளிகளோடு இருக்கும் கிரீன் ஸ்பாட்டட் பஃபரும், முதுகில் எட்டு என்ற எண்ணைப் போன்ற கோலமுடைய ஃபிகர் எய்ட் பஃபரும் உவர்நீரில் வாழ்பவை. முதலாவது 15 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். வளர வளர உப்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக, நன்னீரில் துறுதுறுவென்று நீந்துவதைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது. நைல் ஆற்றின் ஃபஹாகா பஃபர் முழுமையான நன்னீர் மீன்தான். ஆனால் 40 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய, தன் தொட்டியில் வேறு எதையும் உயிரோடு விடாத மீன் அது. காங்கோ படுகையின் ம்பூ பஃபர் 60 சென்டிமீட்டரையும் கடந்துவிடும். வீட்டு வரவேற்பறைக்கு இவை பொருந்தா. தென் அமெரிக்காவின் அமேசான் பஃபர் ஓரளவு சாதுவானது, கூட்டமாக வாழ்வது. ஆனால் அதன் பற்கள் விரைவில் வளர்ந்து வாயையே அடைத்துவிடுவதால், மீனை மயக்கிப் பற்களை வெட்டிவிடும் வேலை வளர்ப்பவர் தலையில் விழும். தொடக்கநிலை வளர்ப்பாளருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது ‘பீ பஃபர்’, ‘ட்வார்ஃப் பஃபர்’ என்றெல்லாம் அழைக்கப்படும் குள்ளப் பேத்தை. இது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் ஓடும் ஆறுகளுக்கே உரிய மீன். பம்பை ஆற்றில் பிடிக்கப்பட்டதை வைத்து 1941ஆம் ஆண்டில் ஹோராவும் நாயரும் இதை முதன்முதலில் விவரித்து, திருவாங்கூரின் பெயரையே அதற்கு இட்டனர்; கரினோடெட்ராடான் டிராவன்கோரிகஸ் என்பது இன்றைய அறிவியல் பெயர். கேரளத்திலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் உள்ள ஆறுகளிலும் கழிமுகங்களை ஒட்டிய நன்னீர்ப் பகுதிகளிலும் வாழ்கிறது. முழு வளர்ச்சியிலும் மூன்று, மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத, உலகின் மிகச் சிறிய பேத்தைகளுள் ஒன்று. வாழ்நாள் முழுவதும் நன்னீரே இதற்குப் போதும். ‘பேத்தை என்றாலே கொஞ்சம் கல்லுப்பு போட வேண்டும்’ என்ற அறிவுரை இதற்குப் பொருந்தாது. இயற்கையில் இதன் எண்ணிக்கை குறைந்துவருவதால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்பு’ நிலையில் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே தொட்டியிலேயே பொரித்து வளர்க்கப்பட்ட குஞ்சுகள் கிடைக்குமா என்று கடையில் கேட்டுப் பார்ப்பது நல்லது; ஆற்றில் பிடித்த மீன்களைவிட அவற்றில் வயிற்றுப் புழுக்களும் குறைவாகவே இருக்கும். இனிவரும் குறிப்புகள் யாவும் இந்தக் குள்ளப் பேத்தையைப் பற்றியவை.

தொட்டியும் தண்ணீரும்

ஒரே ஒரு குள்ளப் பேத்தையை மட்டும் தனியாக வளர்ப்பதற்கு 20 முதல் 25 லிட்டர் போதும். கூட்டுத் தொட்டிக்கு அந்தக் கணக்கு உதவாது. நம் ஊரில் தொட்டியை அடிக்கணக்கில் செய்துகொடுப்பார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும் என்றாலும், மணல், கற்கள், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் 45 லிட்டர் தண்ணீர்தான் மிஞ்சும். பேத்தைகளோடு வேறு மீன்களையும் சேர்க்க விரும்புவோர் மூன்றடி நீளமும், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடியுமாக, ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளும் தொட்டியைச் செய்வது மேல். இதில் உயரத்தைவிட நீளமே முக்கியம். ஏனென்றால் துரத்தப்படும் மீன் தப்பிப்பதற்குப் பக்கவாட்டில்தான் இடம் தேவை.

புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்றே மீனை விடுவது எந்த மீனுக்கும் நல்லதன்று. பேத்தைக்கு அது ஏறத்தாழ மரண தண்டனை. மீனின் கழிவிலிருந்து வெளிப்படும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் ஃபில்டரில் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நண்பர் ஒருவரின் நோயற்ற தொட்டியில் நன்கு ஓடிய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிவந்து உங்கள் ஃபில்டரில் வைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். சொட்டு மருந்து போலக் கலந்து பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவும், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 20 பங்குக்கு) கீழாகவும் இருப்பதை உறுதிசெய்த பிறகே மீன் வாங்கக் கிளம்ப வேண்டும். இந்த மீன் இரையைக் கடித்துக் குதறித் துணுக்குகளை அங்கங்கே விட்டுச் செல்லும் பழக்கமுடையது என்பதால், அதன் சிறு உருவத்தைப் பார்த்துச் சிறிய ஃபில்டர் போதுமென்று எண்ணிவிடக் கூடாது. அதே வேளையில் வேகமான நீரோட்டமும் அதற்கு ஆகாது; உருண்டை உடம்பைச் சின்னஞ்சிறு துடுப்புகளால் தள்ளிக்கொண்டு போகும் மீன் அது. இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்களைத் தொட்டியின் இரு முனைகளிலும் வைப்பது இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும், செலவும் குறைவு.

வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும், பிஎச் 7 முதல் 8 வரையிலும் இருக்கலாம். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தாலும், உப்புக் கரிக்காத வரையில் இந்த மீன் அதைப் பொறுத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆன்ட்டி குளோரின் கலக்காமல் ஒரு குவளை கூட ஊற்ற வேண்டாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு ஹீட்டர் தேவை. சமவெளியில் இருப்பவர்களுக்குச் சிக்கலே கோடைதான். மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். மூடியைத் திறந்து வலையால் மூடி, நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறு மின்விசிறியின் காற்று படும்படி வைத்தால் ஆவியாதல் மூலமாகவே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மறுநாள் ஈடுசெய்துவிட வேண்டும். பனிக்கட்டிகளைப் போட்டுத் திடீரென்று குளிர்விப்பது மீனை நோயில் தள்ளும்.

அடுத்தது செடிகள். இதில் சிக்கனம் காட்டவே கூடாது. ஒரு பேத்தை இன்னொரு பேத்தையைப் பார்க்க முடியாதபடி தொட்டியைப் பல அறைகளாகப் பிரித்துவிடுவதுதான் நோக்கம். பின்புறம் வாலிஸ்னேரியா அல்லது ஹைட்ரில்லாவை அடர்த்தியாக நட்டு, நடுவில் கிளைபரந்த மரக்கட்டை ஒன்றைக் கிடத்தி, அதில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் ஆகியவற்றைக் கட்டிவிட்டால், பராமரிப்பு அதிகமில்லாத காடு ஒன்று உருவாகிவிடும். தொட்டியின் முன்புறம் நின்று பார்க்கும்போது மறுமுனைக் கண்ணாடி தெளிவாகத் தெரிந்தால் செடிகள் போதவில்லை என்று பொருள். செடிகளை அடுக்கிக் காட்சிக்கு வைக்கும் அக்வாஸ்கேப் அழகை விரும்புவோருக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கும்.

உடன் வைக்கத் தகுந்தவை

துணைகளைத் தேர்வதற்கு முன் குள்ளப் பேத்தையின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது பசிக்காக மட்டும் கடிப்பதில்லை. அசைந்தாடும் எதையும் சோதித்துப் பார்ப்பதற்காகவும், தன் இடத்துக்குள் வந்ததை விரட்டுவதற்காகவும் கடிக்கும். நீண்டு தொங்கும் துடுப்பும் மெதுவான நீச்சலும் உடைய மீன் எதுவாயினும் அதன் கண்ணுக்கு அது தீனிதான். ஆகவே ஃபைட்டர், கப்பி, ஏஞ்சல், கௌராமி, வால் விரிந்த தங்க மீன் ஆகியவற்றை அடியோடு தவிர்க்க வேண்டும். செர்ரி இறால்களை விட்டால், அவை விலை உயர்ந்த தீனியாகவே முடியும். அழகுக்காக வளர்க்கும் நத்தைகளின் கதியும் அதுவே. பெரிய நெரைட் நத்தையை விழுங்க முடியாவிட்டாலும், அதன் உணர்கொம்புகளைக் கொத்திக் கொத்தியே ஓய்த்துவிடும். மறுபுறம், சிக்லிட் போன்ற பெரிய மீன்கள் பேத்தையை விழுங்க முயலலாம். பேத்தை இனத்தின் உடலில் உள்ள நஞ்சும், தொண்டையிலேயே உப்பிக்கொள்ளும் அதன் தற்காப்பும் சேர்ந்து இருவரையும் கொன்றுவிடக்கூடும்.

ஒத்துப்போவதாகப் பலரும் கண்டது ஓட்டோசிங்க்ளஸ் என்னும் சிறு பாசி தின்னி. நாள் முழுவதும் கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கிடக்கும் இந்த மீனைப் பேத்தை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் புதுத் தொட்டியில் இதற்குப் பாசி கிடைக்காமல் பட்டினி கிடந்து செத்துவிடும் என்பதால், தொட்டி மூன்று மாதங்களாவது ஓடிப் பாசி படர்ந்த பிறகே, ஆறு எண்ணிக்கைக்குக் குறையாமல் வாங்கிவிட வேண்டும். பகலில் மறைந்திருந்து இரவில் அடித்தளத்தைத் துழாவும் கூலி லோச் என்னும் மீனும் பேத்தையின் கவனத்தில் அதிகம் படாததால் பிழைத்துக்கொள்ளும். நடு, மேல் நீரில் வேகமாக ஓடும் கூட்ட மீன் வேண்டுமென்றால் சீப்ரா டேனியோ சரியான தேர்வு. பத்து மீன்களுக்குக் குறையாத கூட்டமாக வைத்தால் எந்தவொன்றின் மீதும் பேத்தையின் கவனம் நிலைத்து நிற்காது. இதில் ஒரு சங்கடம் உண்டு. டேனியோக்கள் தீனி போட்ட நொடியே பாய்ந்து அனைத்தையும் தின்றுவிடும். நின்று நிதானித்து, இரையை ஒரு கண்ணால் அளந்து பார்த்து உண்ணும் பேத்தைக்கு எதுவும் மிஞ்சாது. கூட்டுத் தொட்டிகளில் பேத்தை இறப்பதற்குச் சண்டையைவிட இந்தப் பட்டினிதான் பெருங்காரணம் என்பது என் கணிப்பு. இதைச் சமாளிக்கும் வழி தீனிப் பகுதியில் வருகிறது.

பேத்தைகளுக்குள்ளேயே ஆண் பெண் விகிதமும் கவனிக்கத்தக்கது. முதிர்ந்த ஆணின் வயிற்றின் நடுவே நீளவாக்கில் கருங்கோடு ஒன்று ஓடும். கண்ணுக்குப் பின்னால் சுருக்கங்கள் போன்ற மின்னும் வரிகள் தெரியும். பெண் உருண்டையாக, வயிறு மஞ்சளோடி, பெரிய புள்ளிகளுக்கிடையே சிறு புள்ளிகள் தெளித்ததுபோல இருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற கணக்கு நல்லது. கடையில் விற்கும் குஞ்சுகளில் இந்த அடையாளங்கள் புலப்படா. எனவே 130 லிட்டர் தொட்டிக்கு ஆறு குஞ்சுகளை வாங்கி வளர்த்து, மிகுதியான ஆண்களைப் பின்னர் திருப்பிக் கொடுக்கலாமா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் கொளத்தூர் வண்ணமீன் சந்தை போன்ற இடங்களில் இத்தகைய ஏற்பாட்டுக்கு இசையும் வியாபாரிகள் கிடைப்பார்கள். துணை மீன்களை முதலில் விட்டு, அவை தொட்டிக்குப் பழகிய பிறகு பேத்தைகள் அனைத்தையும் ஒரே நாளில் விட வேண்டும். ஒவ்வொன்றாக விட்டால் முதலில் வந்தது முழுத் தொட்டியையும் தனதாக்கிக்கொண்டு அடுத்து வருவதை வாழவிடாது.

தீனி

குள்ளப் பேத்தை உலர் தீனியைப் பெரும்பாலும் தொடாது. பெல்லட்டையோ ஃபிளேக்கையோ ஒருமுறை வாயில் வாங்கித் துப்பிவிட்டுப் போய்விடும். சில நாள் பட்டினி போட்டால் பழகிவிடும் என்ற எண்ணத்தில் மீனை இழந்தவர்கள் உண்டு. உறைந்த பிளட் வார்ம் (சிவப்புப் புழு), ஆர்ட்டீமியா, டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பிளட் வார்ம் ஒன்றையே நாள்தோறும் கொடுத்தால் மீன் கொழுத்து நோயுறும். சந்தையில் உயிரோடு விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள் சாக்கடையோரச் சேற்றில் சேகரிக்கப்படுபவை என்பதால் நான் அவற்றைத் தவிர்க்கவே சொல்வேன். கொசுப்புழு மிகச் சிறந்த தீனி. ஆனால் அதை வளர்க்க வைத்த வாளியை இரண்டு நாள் மறந்தால் தெருவுக்கே டெங்குவை வரவழைத்தவராகிவிடுவோம், மாநகராட்சியின் அபராதம் வேறு.

எல்லாவற்றையும்விட நத்தைதான் இதன் இயல்பான இரை. நீர்ச்செடிகளோடு ஒட்டிக்கொண்டு வரும் பிளாடர் நத்தையையும் ராம்ஸ்ஹார்ன் நத்தையையும் தொல்லை என்று நசுக்கிவிடாமல், பத்து லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் போட்டு வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். வெந்நீரில் வாட்டிய கீரை, வெள்ளரித் துண்டு ஆகியவற்றை வாரம் இருமுறை போட்டால் போதும். ஓடு உறுதியாக வளர்வதற்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தால் அந்தக் குறை தீரும். ஒரு மாதத்தில் நத்தைகள் பெருகிவிடும். பேத்தையின் கண் அளவுள்ள நத்தைகளைப் பொறுக்கி, வாரம் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். மலேசியன் டிரம்பெட் நத்தையின் கூம்பு ஓடு மிகக் கடினமானது. இச்சிறு மீனின் பற்தட்டுகளைச் சேதப்படுத்தக்கூடும் என்பதால் அது வேண்டாம். வயலிலும் குளத்திலும் பொறுக்கிய நத்தைகள் ஒட்டுண்ணிகளைச் சுமந்துவரும், அவையும் வேண்டாம்.

நத்தையைப் போட்டபின் சற்று நேரம் தொட்டி முன் உட்கார்ந்து பாருங்கள். பேத்தை நத்தைக்கு ஒரு விரல் தொலைவில் வந்து அப்படியே நீரில் நிற்கும். உடம்பு அசையாது, வால் ஒருபுறம் மடங்கியிருக்கும், கண்கள் மட்டும் தனித்தனியாக உருண்டு நத்தையைக் குறிவைக்கும். நத்தை ஓட்டுக்குள்ளிருந்து பாதத்தை நீட்டும் வரை காத்திருந்து, நீட்டிய கணத்தில் ஒரே கடி. வெற்று ஓடு தரையில் உருளும். இப்படி வேட்டையாட வாய்ப்புள்ள மீன், பிற மீன்களின் வாலைத் தேடிப் போவது குறைகிறது. வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களைத் தேய்ப்பதோடு நத்தையின் பயன் முடிந்துவிடுவதில்லை.

டேனியோக்களின் அவசரத்தைச் சமாளிக்க, அவற்றுக்கான ஃபிளேக்கைத் தொட்டியின் ஒரு முனையில் முதலில் போட்டு, அவை அங்கே குவிந்திருக்கும்போதே மறுமுனையில் நீளமான பிப்பெட் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு கொண்டு, கரைத்த பிளட் வார்மைப் பேத்தைகளின் முகத்துக்கு நேரே மெல்ல விட வேண்டும். ஒவ்வொரு பேத்தையின் வயிறும் லேசாக உருண்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்தவும். இரண்டே வாரங்களில் அவை சிரிஞ்சைக் கண்டதும் கண்ணாடியருகே வந்து காத்திருக்கப் பழகிவிடும். அரை மணி நேரத்துக்குப் பின் எஞ்சிய துணுக்குகளை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். வாரந்தோறும் 25 முதல் 30 சதவீதத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

சண்டையும் நோயும்

துரத்தல் அன்றாட நிகழ்ச்சி. அதைக் கண்டு பதற வேண்டாம். ஒரு மீன் எப்போதும் மேல் மூலையில் ஒதுங்கி நிற்பது, நிறம் கருத்திருப்பது, தீனிக்கு வராமலிருப்பது, வால் ஓரம் பிறை வடிவில் கடிபட்டிருப்பது ஆகியவையே ஆபத்தின் அறிகுறிகள். அப்போது மரக்கட்டையையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் குலைந்து சில நாள் அமைதி நிலவும். அதற்கும் அடங்காத மீனை எடுத்துத் தனியே வைப்பதற்காக, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடும் 20 லிட்டர் தொட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இந்த மாற்றுத் தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்றால் பேத்தையைக் கூட்டுத் தொட்டியில் வைக்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நேர்மை. மீனை இடம் மாற்றும்போது வலையால் தூக்காமல், நீருக்குள்ளேயே ஒரு குவளையில் ஏந்தித் தண்ணீரோடு எடுக்க வேண்டும். வெளியே தூக்கினால் அஞ்சி உப்பும்போது தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும், அதைப் பின்னர் வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதந்து திண்டாடும். உப்பவைத்துப் பார்ப்பதற்காகவே மீனைச் சீண்டுவது கொடுமை.

புதிய மீன்களை மாற்றுத் தொட்டியில் நான்கு வாரங்கள் தனிமையில் வைத்துக் கவனித்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால், அல்லது வெண்ணிற நூல் போன்ற கழிவு தொங்கினால், வயிற்றுப் புழு இருக்கிறது என்று கொள்ளலாம். உருளைப் புழுக்களுக்கு லெவாமிசோல், நாடாப் புழுக்களுக்குப் பிராசிகுவான்டெல் என்ற முறையில் மருந்து உண்டு, அளவை மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. பேத்தைக்குப் பிற மீன்களைப் போன்ற செதில் கவசம் கிடையாது. அதனால் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடைக்காரர் தரும் செப்புக் கலந்த மருந்துகள் மீனையே சுட்டுவிடும். மாலகைட் கிரீன் வகை மருந்துகளையும் பாதி அளவில் தொடங்கி, மீனின் போக்கைக் கவனித்தே தொடர வேண்டும்.

முட்டையிட்டால்

நல்ல தீனியும் அடர்ந்த பாசியும் கிடைத்தால் குள்ளப் பேத்தை வீட்டுத் தொட்டியிலேயே இனம்பெருக்கும். ஆண் நிறம் அடர்ந்து, வயிற்றின் நடுக்கோட்டை மடிப்பாக உயர்த்திக்கொண்டு பெண்ணை விடாமல் பின்தொடரும். ஜாவா மாஸ் புதருக்குள் இரண்டும் ஒதுங்கி, கண்ணாடி மணி போன்ற மிகச் சிறிய முட்டைகளைச் சிலவாக இட்டுச் செல்லும். கூட்டுத் தொட்டியில் அவற்றைக் கூலி லோச்சும் டேனியோவும் பெற்றோரும் போட்டிபோட்டுத் தின்றுவிடும் என்பதால், மாஸ் புதரை அப்படியே வெட்டியெடுத்து மாற்றுத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏறத்தாழ ஐந்து நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். முட்டைக் கரு தீரும் வரை அவற்றுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். பிறகு ஒரு வாரம் இன்ஃபுசோரியா என்னும் நீர் நுண்ணுயிர்கள், அதன்பின் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா. வளர்ச்சி ஒரே சீராக இராது. பெரிய குஞ்சு சிறிய குஞ்சின் வாலைக் கடிக்கத் தொடங்கியதும் அளவு வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பாத்திரங்களில் விட்டுவிட வேண்டும்.